சித்தியின் கைரேகை

போன வாரம் காடாம்புலியூர் போயிருந்தேன். ரேஷன் கடையில் சித்திக்குக் கைரேகை விழவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று எல்லாவற்றையும் முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தாயிற்று, மெஷின் ஏற்கவே இல்லை. "முந்திரி உடைக்கிற கைதானே" என்றார் பின்னால் நின்ற அம்மா ஒருவர், ரொம்ப சாதாரணமாக. பண்ருட்டிப் பக்கம் இதெல்லாம் செய்தியே கிடையாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முந்திரிக்கொட்டை ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது, பட்டால் தோல் வெந்து உரிந்துவிடும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி, உள்ளே இருக்கும் பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். முழுப் பருப்புக்குத்தான் விலை. 320 ரகம் என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 320 பருப்பு வரை நிற்கும். உடைந்ததெல்லாம் துண்டுக் கணக்கு, விலை பாதிக்குப் பாதி இறங்கும். நாலு கிலோ கொட்டையை உடைத்தால் ஒரு கிலோ பருப்பு தேறும், அவ்வளவுதான். விடியலில் உட்கார்ந்தால் இருட்டும்வரை இதே வேலை.

எனக்கு ஏன் கோபம் வந்தது என்றால், அன்று காலைதான் ஒரு நண்பனோடு வாதம். 2024-25-ல் தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்திருக்கிறது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவன் அதோடு விடவில்லை. நம் ஆட்களிடம் உற்பத்தித்திறன் இல்லை, வியட்நாம்காரனைப் பார், 2006-லேயே முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் நம்மைத் தாண்டிவிட்டான் என்றான். தாண்டியது உண்மை. ஆப்பிரிக்காவிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் கொட்டையை இறக்கி, மெஷின் போட்டு உடைத்துத் தாண்டினார்கள். ஆனால் அதற்கு முன்னால், வியட்நாமில் 1986-க்குப் பிந்தைய சீர்திருத்தத்தில், கூட்டுப் பண்ணை நிலத்தைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுத்தார்கள் பாருங்கள், அதை மட்டும் இவர்கள் யாரும் பேச மாட்டார்கள்!

சித்திக்கும் கொஞ்சம் முந்திரித் தோப்பு இருந்தது. 2011 டிசம்பர் 30, தானே புயல், ஒரே ராத்திரியில் எல்லா மரமும் வேரோடு போயிற்று. புதுக் கன்று வைத்துக் காய்ப்புக்கு வர வருஷக்கணக்கில் ஆகும், அதுவரை சாப்பிட வேண்டாமா? அப்படித்தான் அடுத்தவர் கொட்டையைக் கிலோக் கூலிக்கு உடைக்க உட்கார்ந்தார். இன்னும் எழுந்திருக்கவில்லை.

சரி, மெஷின் இங்கேயும் வந்துவிட்டது. வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், அந்த எண்ணெயில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் சித்தி வேலை செய்யும் இடத்தில் நடந்தது என்ன? மெஷினில் பையன்கள் நிற்கிறார்கள். பெண்களைத் தோல் உரிக்கவும் தரம் பிரிக்கவும் தள்ளிவிட்டார்கள், 'இது லேசான வேலை' என்று கூலியையும் குறைத்துவிட்டார்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எதுவும் இல்லை, ஏனென்றால் பாதி வேலை வீட்டுத் திண்ணையில் நடக்கிறது, கணக்கிலேயே வராது. மெஷினால் மிச்சமானது எங்கே போயிற்று என்று நண்பனிடம் கேட்டேன், பதில் இல்லை.

2023-24 கணக்குப்படி நாட்டில் வேலை செய்பவர்களில் கிட்டத்தட்ட 46 சதவீதம் பேர் விவசாயத்தில்தான் இருந்தார்கள், மொத்த உற்பத்தி மதிப்பில் அவர்கள் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. இதைச் சோம்பேறித்தனம் என்று படிப்பவனுக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது? நல்ல கருவி கையில் வராதவர்கள், வந்தாலும் அதன் லாபம் கைக்கு வராதவர்கள். உடனே வேலை நேரத்தைக் கூட்டு என்பார்கள். பக்கத்துப் புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுடப்பட்டுச் செத்த பிறகுதான் எட்டு மணி நேர வேலை கிடைத்தது. நம் சட்டமன்றத்தில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர மசோதா நிறைவேறி, எதிர்ப்பு வந்து, மே தினத்தில் வாபஸ் ஆனது. மறந்துவிட்டோமா?

அரிசி கடைசியில் மருமகள் விரலை வைத்துத்தான் கிடைத்தது. அவள் அடுத்த மாசம் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். அதற்கப்புறம் யார் விரலை வைப்பது என்று சித்தி இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறார்.