வட்டியை ஏற்றாதீர்கள், எதற்கு என்று கேளுங்கள்

இங்கிலாந்தில் வோக்கிங் நகராட்சி 2023 ஜூனில் பணமில்லை என்று கைவிரித்தது. ஆண்டு பட்ஜெட் 1.6 கோடி பவுண்டு, பற்றாக்குறை 120 கோடி! கடன் வாங்கி அடுக்குமாடிக் கோபுரங்களும் ஹோட்டலும் கட்டியதில் வந்த வினை. கடனில் பெரும்பகுதி அரசின் பணம். இதைப் பார்த்து, உள்ளாட்சிகளுக்கு அரசு மலிவாகக் கடன் கொடுப்பதே தப்பு என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

அங்கே இந்த ஏற்பாடு 200 ஆண்டுப் பழசு. நெப்போலியன் போர் முடிந்து ஜனங்கள் வேலையில்லாமல் தவித்த 1817-ல், பொதுப்பணிகளுக்குக் கடன் கொடுக்கச் சட்டம் வந்தது. 1866-ல் தொழிலாளர் வீடுகளுக்கும் கிடைத்தது. இன்று போடும் கழிவுநீர்க் குழாயை 40 வருஷம் கழித்துப் பிறப்பவரும் பயன்படுத்துவார். அந்தச் செலவை இன்றைய வரிகட்டுபவர் தலையில் மட்டும் கட்டாமல் 50 வருஷத் தவணையாகப் பிரிப்பதுதான் நியாயம். சின்ன ஊராட்சி தனியாகக் கடன் சந்தைக்குப் போனால் அரசு கேட்கும் குறைந்த வட்டிக்குப் பணம் கிடைக்காது.

அப்புறம் எங்கே தவறியது? 2004 முதல், எவ்வளவு கடன் தாங்கும் என்பதை உள்ளாட்சியே முடிவு செய்யலாம் என்றானது. கடன் கொடுப்பவர் எதற்கு என்று துருவவில்லை. 2010-க்குப் பின் மத்திய அரசின் மானியம் குறைந்துகொண்டே போக, வாடகை வருமானத்தை நம்பிச் சிலர் கட்டடம் வாங்க இறங்கினார்கள். ஸ்பெல்தோர்ன் என்ற சிறிய நகராட்சி 2016-ல் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் அலுவலக வளாகத்தையே 35 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. ஆசை மட்டும் காரணமில்லை, நெருக்கடியும்தான்.

இதைத் தடுக்க 2019 அக்டோபரில் அரசு செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. புதுக் கடன் எல்லாவற்றுக்கும் வட்டியை ஒரேயடியாக 1 சதவீதப் புள்ளி ஏற்றியது. ஒரு கோடிக்கு வருஷம் ஒரு லட்சம் கூடுதல். அலுவலகம் வாங்கி வாடகை பார்ப்பவருக்கும் ஏழைக்கு வீடு கட்டுபவருக்கும் ஒரே தண்டனையா? 2020 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்று, லாபத்துக்காகச் சொத்து வாங்கும் திட்டம் வைத்திருந்தால் கடனே கிடையாது என்றார்கள். அதுதான் சரி. 2023 ஜூனில் நகராட்சி வீடுகளுக்கு வட்டியில் 0.4 புள்ளி சலுகையும் வந்தது, ஆனால் முதலில் ஓராண்டுக்கு மட்டும். வீடு கட்ட நிலம் தேடி, அனுமதி வாங்கவே ஓராண்டு போதாதே. அந்தச் சலுகை நிரந்தரமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, கணக்குத் தணிக்கை. உள்ளாட்சிகளுக்கென்று இருந்த தணிக்கை ஆணையத்தை 2015-ல் மூடிவிட்டார்கள். கடனுக்கு மனுப் போடும்போதே அந்த நகராட்சியின் மொத்தக் கடனையும் வாடகைக் கணக்கையும் வெளியாள் ஒருவர் உட்கார்ந்து படிக்கட்டும். படித்து முடித்தபின் பணத்தை விடுவிக்கட்டும்.