ஞாயிற்றுக்கிழமை டேவான்ல சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு

எழுதலாமா வேணாமான்னு மூணு நாளா யோசிச்சேன். அந்த வீடியோவை இதுக்குள்ள எல்லாரும் பார்த்திருப்பீங்க. பார்க்காதவங்களுக்காக நான் மறுபடி பகிரப் போறதில்லை. மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, பழைய கேம் சாமானெல்லாம் எல்லாரும் பார்க்க நான் பரப்பி வெச்சிருந்த மேசையைக் காட்டி, "இந்தப் பழைய குப்பையெல்லாம் போன்லயே ஓசியில கிடைக்குது, எதுக்குக்கா தூக்கிட்டு வந்தீங்க"ன்னு கேட்டாரே அந்தத் தம்பி, அதுக்கு அந்த மண்டபமே, டேவானே சிரிச்சுச்சே, அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதிவு.

தம்பி, அது குப்பை இல்லை.

மேசையில என்ன இருந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன். 14 அங்குல பெட்டி டிவி ஒண்ணு. எங்க அண்ணனோட மைக்ரோ ஜீனியஸ், டிவியில சொருகி ஆடுற கேம் மிஷின். எட்டு கேம் கேசட். டிவியில வர்ற வாத்தைச் சுடுற விளையாட்டுத் துப்பாக்கி. அப்பா சேர்த்து வெச்சிருந்த வீடியோ கேசட்டுல பூஞ்சணம் பிடிக்காம தப்பிச்ச ஆறு. அப்புறம் கணக்குப் புத்தகத்துல இருந்து கிழிச்ச கட்டம் போட்ட தாள் ஒண்ணு. அந்தத் தாளைப் பத்திப் பின்னால சொல்றேன். காலையில எட்டு மணிக்கு நானும் வீட்டுக்காரரும் அந்த டிவியை ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தூக்கிட்டு வந்தோம். பன்னெண்டு மணிக்கு, "ஸ்பான்சர் போட்டோ பூத்துக்கு இடம் வேணும்மா, கொஞ்சம் எடுத்துடுங்க"ன்னாங்க. எடுத்துட்டேன். ஒரு வார்த்தை பேசலை. பேசியிருக்கணும்.

"போன்லயே கிடைக்குது." இதைத்தான் எல்லாரும் சொல்றீங்க. சரி, அந்தத் துப்பாக்கியைப் போன்ல சுட்டுக் காட்டுங்க. போன் வேணாம், உங்க வீட்டு 55 அங்குல டிவியில சுட்டுக் காட்டுங்க. ஒரு வாத்துகூட விழாது. விசையை அமுக்கின அந்தக் கணம் திரை முழுக்க இருட்டாகும், அடுத்த கணம் வாத்து இருக்கிற இடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முனையில இருக்கிற கண்ணு அந்த வெளிச்சத்தைப் பார்த்தாத்தான் வாத்து விழும். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள நடக்கிற காரியம் அது. பெட்டி டிவி அதை உடனே காட்டும். புது டிவி படத்தை வாங்கி, சரி பண்ணி, கொஞ்சம் தாமதிச்சுத்தான் காட்டும். அதனாலதான் அந்தக் கனமான டிவியை இடுப்பு ஒடியத் தூக்கிட்டு வந்தேன். பகட்டுக்கு இல்லை. காலையில ஒரு சின்னப் பொண்ணு, எட்டு வயசு இருக்கும், ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு ஏழு வாத்து சுட்டா. அதை யாரும் வீடியோ எடுக்கலை.

எல்லாமே கிடைக்குதுன்னு நினைச்சுட்டு இருக்கோம். அமெரிக்காவுல வீடியோ கேம் வரலாற்றைப் பாதுகாக்கிற ஓர் அமைப்பு 2023-ல கணக்கு எடுத்துப் பார்த்துச்சு. 2010-க்கு முன்னால அந்த நாட்டுல வெளிவந்த கேம்கள்ல 87 விழுக்காடு அப்போ கடையில முறையா வாங்கவே கிடைக்கலை. அமெரிக்காவுலயே அந்த நிலைமை. மலேசியாவுல, பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்து ரப்பர் தோட்டத்துல நாங்க ஆடினதை யார் எடுத்து வெச்சிருக்கப் போறாங்க?

(பெஸ்தாரி ஜெயான்னு சொல்லணுமாம். 2007-ல பேரை மாத்திட்டாங்க. எனக்கு அது இன்னும் பெர்ஜுந்தைதான்.)

எங்க தோட்டத்துல அப்போ மின்சாரம் தோட்டத்து இன்ஜின்ல இருந்துதான் வரும். சாயந்திரம் போடுவாங்க, ராத்திரி பத்து மணிக்கு அணைச்சிடுவாங்க. அந்த நேரத்துக்குள்ளதான் சமையல், வீட்டுப்பாடம், டிவி, கேம் எல்லாமே. ஆண்டெனா வயரைக் கழற்றி, கேமோட வயரைச் சொருகி, திரையில புள்ளிப் புள்ளியா இரையுறது நின்னு படம் தெளியிற வரைக்கும் அண்ணன் குமிழைத் திருப்புவான். கேசட்டை எடுத்து ஊதுவோம். ஊதினா எச்சில் ஈரம் பட்டு உள்ள இருக்கிற செம்புப் பல்லு கெட்டுப் போகும்னு பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. இப்ப நான் பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுத்தான் துடைக்கிறேன்.

எங்களுக்கு உயிர் டாங்கி கேம்தான். பேட்டில் சிட்டி, நாம்கோ கம்பெனி 1985-ல போட்டது. அண்ணனுக்கு மஞ்சள் டாங்கி, எனக்குப் பச்சை. அவன் குண்டு என் மேல பட்டா நான் கொஞ்ச நேரம் அசைய முடியாம நிப்பேன். வேணும்னே சுடுவான். நான் அம்மாகிட்ட போய்ச் சொல்வேன். அடுப்படியில இருந்தே அம்மா ஒரு சத்தம் போடுவாங்க.

அதுல நாமளே ஊரைக் கட்டுற பகுதி ஒண்ணு இருக்கு. 13-க்கு 13 கட்டம். செங்கல், இரும்பு, தண்ணி, மரம், பனி வெச்சு இஷ்டத்துக்குக் கட்டலாம். நாங்க எங்க தோட்டத்தைக் கட்டினோம். பச்சை மரமெல்லாம் கித்தா மரம், அதான் ரப்பர் மரம். தண்ணி ஆறு. துரை பங்களா இரும்பு, ஏன்னா அதைச் சாதாரணக் குண்டால உடைக்க முடியாது. செங்கல் வரிசையெல்லாம் லயம், நாங்க குடியிருந்த வரிசை வீடுங்க. அரைச் செங்கல்தான் ஒட்டுக்கடை. கீழ நடுவுல நாம காப்பாத்த வேண்டிய கழுகு இருக்கும், அதை மாத்த முடியாது, அதனால அதை மாரியம்மன் கோயில்னு வெச்சுக்கிட்டோம். எதிரி டாங்கி 20 வரும். செங்கல்லைச் சுட்டுச் சுட்டு உள்ள வரும். "ஏய், மூணாவது லயம் போச்சு!"ன்னு அண்ணன் கத்துவான். எங்க வீடு மூணாவது லயத்துல.

பத்து மணிக்கு இன்ஜின் நிக்கும். கட்டினது எல்லாம் போயிடும். அந்த கேம்ல சேமிச்சு வைக்க வழியே கிடையாது. அதனாலதான் அந்தத் தாள். கணக்குப் புத்தகத்துல 13-க்கு 13 கட்டம் எண்ணி, எது செங்கல், எது மரம்னு கலர் பென்சில்ல போட்டு வெச்சோம். மறுநாள் அதைப் பார்த்து மறுபடி கட்டுவோம். தினமும் கட்டினோம்.

இது குப்பையா?

"சினிமான்னா கலை, கேம் வெறும் பொழுதுபோக்குதானே"ன்னு ஒருத்தர் கமெண்ட்ல கேட்டிருந்தார். 1964-ல வந்த கர்ணனை டிஜிட்டல்ல சுத்தம் பண்ணி 2012-ல மறுபடி தியேட்டர்ல போட்டப்போ நாம எல்லாரும் கொண்டாடினோம் இல்லையா? யாராவது பழைய குப்பைன்னு மைக்ல சொன்னாங்களா? அதே 2012-லதான் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் பேக்-மேன், டெட்ரிஸ்னு 14 வீடியோ கேமைத் தன்னோட சேகரிப்புல சேர்த்துச்சு. சினிமாவையும் நாம ஒண்ணும் ஒழுங்கா வெச்சுக்கலை. முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸ், 1931. ஒரு பிரதிகூட இன்னைக்கு இல்லை. அன்னைக்கு யாரோ ஒருத்தர், இதெல்லாம் யார் பார்க்கப் போறான்னு சொல்லித்தான் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டிருப்பார். வீடியோ கேசட் ஓட்டுற மிஷினைக் கடைசியாச் செஞ்ச ஜப்பான் கம்பெனியும் 2016-ல நிறுத்திடுச்சு. எங்க அப்பாவோட ஆறு கேசட்டும் நான் பழுது பார்த்து வெச்சிருக்கிற அந்த ஒரே மிஷினை நம்பித்தான் இருக்கு.

"அதெல்லாம் திருட்டு கேசட்டுதானே?" ஆமா. பாசார் மாலாம்ல, ராத்திரிச் சந்தையில வாங்கினது. மைக்ரோ ஜீனியஸே ஜப்பானோட ஃபேமிகாம் கேம் மிஷினைப் பார்த்துச் செஞ்ச தைவான் நகல்தான். பால் வெட்டுற சம்பளத்துல அதுதான் வாங்க முடிஞ்சது. இதுக்கு மேல இதுல பேச எனக்கு ஒண்ணும் இல்லை.

இன்னொருத்தர் எழுதினதுதான் நெஞ்சுல தைச்சது. "தோட்டத்துக் கஷ்டத்தை இப்படி இனிப்பாக் காட்டாதீங்க"ன்னு. எனக்கா தெரியாது? விடியறதுக்கு முன்னால அம்மா தலையில விளக்கைக் கட்டிக்கிட்டுப் போவாங்க. மழை வந்தா பால் போச்சு, சம்பளம் போச்சு. அவங்க கையில இருந்த அந்தப் பால் வாடை கடைசி வரைக்கும் போகலை. அந்த வாழ்க்கை திரும்பி வரணும்னு நான் கேட்கலை. ஒரு நாளும் கேட்க மாட்டேன். ஆனா சாயந்திரம் அந்த ரெண்டு மூணு மணி நேரம் எங்களுடையது. தோட்டம் கொடுத்தது இல்லை, துரை கொடுத்தது இல்லை. அப்பா கிள்ளானுக்கு பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வந்தது. அம்மா கைவேலையை விட்டுட்டு வந்து ஒரு தடவை பச்சை டாங்கியை ஓட்டினாங்க. நேரா போய் ஆத்தோரம் நின்னுட்டு, "இப்ப எப்படிடி திரும்பறது"ன்னு சிரிச்சாங்க. அம்மா அப்படி வாய்விட்டுச் சிரிச்சு நான் அதிகம் பார்த்ததில்லை. கஷ்டத்தைப் பத்தி மட்டும்தான் நாங்க பேசணுமா? எங்க சந்தோஷத்துக்குச் சாட்சி வெச்சுக்கக் கூடாதா?

லயத்தை இடிச்சப்போ நான் ஊர்ல இல்லை. இப்ப அங்க செம்பனை. மூணாவது லயம் எங்க இருந்துச்சுன்னு போய் நின்னு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியலை. ஒரு படம்கூட எங்ககிட்ட இல்லை, கேமரா யார் வெச்சிருந்தா? எங்க தோட்டம் எப்படி இருந்துச்சுன்னு சொல்ல என்கிட்ட இருக்கிறது அந்தக் கட்டம் போட்ட தாள் ஒண்ணுதான். அதைத்தான் டிவி பக்கத்துல ஒட்டி வெச்சிருந்தேன்.

மேசையைக் காலி பண்ணச் சொன்ன அவசரத்துல யாரோ அதைப் பிரிச்சுக் கீழ போட்டு, மேல சிராப் சர்பத் கப்பை வெச்சுட்டாங்க. இப்ப ஒட்டுக்கடைக்கும் கோயிலுக்கும் நடுவுல ரோஸ் கலர்ல ஒரு வட்டம் இருக்கு. மின்விசிறியில காய வெச்சுப் பார்த்தேன். போகலை.

அந்தத் தம்பி மன்னிப்பு கேட்கணும்னு நான் எதிர்பார்க்கலை. அவர் பேரையும் இங்க யாரும் எழுதாதீங்க. எழுதினா நீக்கிடுவேன். அவர் வயசுல அவருக்கு இதை யாரும் காட்டலை.

ஏழு வாத்து சுட்ட அந்தப் பொண்ணோட அம்மா இந்தப் பதிவைப் பார்த்தா உள்பெட்டியில பேசுங்க. சனிக்கிழமை அஞ்சு மணிக்கு மேல நான் வீட்லதான் இருப்பேன், கேம் மிஷினை எடுத்து வைக்கிறேன். அப்புறம் என்னோட நீல எக்ஸ்டென்ஷன் வயர் டேவான்லயே நின்னு போச்சு, மேடைக்கு இடது பக்கம் சுவர் ஓரமா. பார்க்கிறவங்க எடுத்து வைங்க.