வேப்பம் புண்ணாக்கு மட்டும் போதாது
காபி நாற்றுப் பையில் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு போட்டால் வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு அடியோடு ஒழியும், வேறெதுவும் தேவையில்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சிறுமலையிலும் தாண்டிக்குடிப் பக்கத்திலும் நாற்று வளர்ப்பவர்கள் இதை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. வேப்பம் புண்ணாக்கு மண்ணில் மட்கும்போது வெளிவரும் பொருள்கள் நூற்புழுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். ஆனால் அராபிகா வகைக் காபியைத் தாக்கும் பிராட்டிலென்கஸ் காஃபியே என்னும் நூற்புழு வேரின் உள்ளேயே நகர்ந்து தின்று பெருகுவதால், ஏற்கெனவே உள்ளே புகுந்தவற்றைப் புண்ணாக்கால் முழுவதும் ஒழிக்க முடியாது.

வேரில் முடிச்சு இல்லை, ஆகவே நாற்று நல்ல நாற்றுதான் என்று அவர் சொல்வதும் தவறு. முடிச்சை உண்டாக்குவது மெலாய்டோகைன் என்னும் வேறொரு நூற்புழு. பிராட்டிலென்கஸ் முடிச்சே போடாது. சந்தேகமான நாற்றை மெதுவாகப் பிடுங்கி வேரைத் தண்ணீரில் அலசிப் பார்த்தால், சல்லிவேர்கள் அற்றுப்போய், எஞ்சிய வேரில் பழுப்புப் புண்கள் தெரியும். அத்தகைய நாற்றைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகவே கூடாது.

பையில் நிரப்புவதற்கு முன்பே, ஈரமாக்கிய மண்கலவையைத் தெளிந்த பாலித்தீன் தாளால் மூடிக் கோடை வெயிலில் சில வாரங்கள் வைத்து, அதன் பிறகு புண்ணாக்கைக் கலந்து, நனைத்து, இரண்டு மூன்று வாரம் மட்க விட வேண்டும். மட்காத புண்ணாக்கு இளவேரைக் கருக்கிவிடும். நூற்புழு நிலைத்துவிட்ட தோட்டமாக இருந்தால், ரொபஸ்டா வகைக் காபியின் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய அராபிகா நாற்றை நடுவதே நம்பத்தக்க வழி.