ரைன் ஆற்றில் திசை என்பது அற்ப விஷயமா?

"அதே ஊர்கள்தானே சார், வரிசை மட்டும் மாறும், அவ்வளவுதான்." பயண முகவர் தொலைபேசியில் சொன்ன இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் பணம் கட்டியது நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் ஏறி, ரைன் வழியாக வந்து, சுவிட்சர்லாந்தின் பாசலில் இறங்கும் கப்பல் பயணத்துக்கு. மாதக்கணக்கில் வரைபடம் பார்த்து, அப்பாவிடமும் அம்மாவிடமும் பேசி எடுத்த முடிவு அது. புறப்பட ஏழு வாரம் இருக்கையில் அதைப் பாசலில் ஏறி ஆம்ஸ்டர்டாமில் இறங்கும்படி திருப்பிவிட்டார்கள். எங்களிடம் கேட்கவில்லை, தெரிவித்தார்கள். ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் அதற்கு இடம் இருக்கிறதாம்.

எந்தக் கரையிலிருந்து கிளம்பினாலும் ஒன்றுதான் என்பதற்கு ரைன் என்ன குளமா? ஆல்ப்ஸ் மலையில் பிறந்து வடகடலை நோக்கி ஓடுகிற ஆறு. ஜெர்மன் கப்பல்காரர்கள் எதிர்த்து ஏறுவதை 'பெர்க்ஃபார்ட்' என்கிறார்கள், மலைப் பயணம். இறங்கி வருவதை 'டால்ஃபார்ட்' என்கிறார்கள், பள்ளத்தாக்குப் பயணம். பாசலை நோக்கிப் போவது ஏற்றம், ஆம்ஸ்டர்டாமை நோக்கிப் போவது இறக்கம். அந்த ஆற்றில் பிழைப்பவர்களுக்கு இவை இரண்டும் வேறு வேறு. அதை விற்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று!

ஜெர்மனியில் பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலையிடுக்கு இருக்கிறது. 2002இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி. குன்றுகளின் மேல் நாற்பது கோட்டைகள், சரிவெங்கும் திராட்சைத் தோட்டங்கள். முழுப் பயணத்துக்கும் உயிர் இந்த இடம்தான். இங்கே நீரோட்டமும் கடுமை. அசையாத நீரில் மணிக்கு 16 கிலோமீட்டர் ஓடும் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். நீரின் வேகம் மணிக்கு 6 என்று வைத்தால், இறங்கும்போது அது 22 கிலோமீட்டரில் பாயும், ஏறும்போது 10இல் ஊரும். ஏறினால் ஆறரை மணி நேரம் கண்ணாரக் காணலாம், இறங்கினால் மூன்று மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். இது பள்ளிக்கூடக் கணக்கு. இதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அப்பாவுக்கு 76 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. அவருக்காகத்தான் ஏறும் திசையையே தேர்ந்தெடுத்தேன். கரையில் கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பெரிய எண் பலகைகள் நிற்கும். கான்ஸ்டன்ஸ் ஊர்ப் பாலத்தில் பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு அது. அப்பா அந்த எண்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தார். இடப்பக்கம் பாகராக் வந்தது. உடனே ஆற்றின் நடுவே, கௌப் ஊருக்கு எதிரில், கப்பல்களிடம் சுங்கம் வாங்கிய பழைய கோட்டை. மறுபடி இடப்பக்கம் ஓபர்வேசல். அவர் கைத்தடியை ஊன்றி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வருவதற்குள் பார்க்க வேண்டியது பின்னால் போய்விட்டது. 555ஆம் பலகையை ஒட்டி லோரலைப் பாறை நிற்கிறது, பாடி மயக்கிப் படகோட்டிகளைக் கவிழ்த்த பெண்ணின் கதைக்குப் பேர்போன பாறை. அதற்காகவே சிறுவயதிலிருந்து ஆசைப்பட்டவர் அவர். வலப்பக்கக் கம்பியை எட்டியபோது பாறையின் முதுகுதான் அவருக்குக் கிடைத்தது. ஒன்றும் சொல்லாமல் குறிப்பேட்டை மூடி வைத்தார்.

விசா விவகாரம் தனி வேதனை. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் விதிப்படி எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அங்கே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. எங்களுக்கு நெதர்லாந்தும் ஜெர்மனியும் மும்மூன்று இரவு. விமானத்தில் முதலில் போய் இறங்குவது ஆம்ஸ்டர்டாம் என்பதால் நெதர்லாந்துக்கு எல்லாம் தயார் செய்திருந்தேன். திசையைத் திருப்பியதும் முதல் நாடு சுவிட்சர்லாந்து. மூன்று பேருக்கும் விண்ணப்பம், விமான டிக்கெட், விடுதிச் சீட்டு, நேர்காணல் தேதி எல்லாம் முதலிலிருந்து! "வரிசை மட்டும் மாறும்" என்றாரே, அந்த வரிசையின் விலை இது.

இன்னொன்று. பாசலுக்கும் இஃபெட்ஸ்ஹைமுக்கும் நடுவே, கப்பலை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள் பத்து. விமானக் களைப்போடு படுத்த முதல் இரவே அவை வந்தன. சுவரில் கப்பல் உரசும் ஒவ்வொரு முறையும் அம்மா எழுந்து உட்கார்ந்தார்.

இறங்கும் திசையை விரும்புகிறவர்களும் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் முடித்து, வசந்தமானால் துலிப் தோட்டம் பார்த்துவிட்டுத் திரும்ப நினைப்பவர்கள் அதையே எடுக்கட்டும். தேர்வு அவர்களுடையதாக இருக்க வேண்டும், அதுதான் என் வழக்கு. அறை மாறினால் வித்தியாசத் தொகையைக் கணக்குப் பார்க்கிறார்கள். திசை மாறினால் ஒரு மின்னஞ்சல் போதுமா?

புகார் எழுதினேன். "வழித்தடத்தில் மாற்றம் ஏதும் இல்லை" என்று பதில் வந்தது. அந்த மலையிடுக்கில் 590ஆம் பலகையிலிருந்து 530 வரை ஏற உங்கள் கப்பலுக்கு எத்தனை மணி நேரம், இறங்க எத்தனை மணி நேரம் என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். ஐந்து வாரமாகிறது, பதில் இல்லை.