பிரைட்டன் ராயல் கிரசென்ட்: கறுப்பு ஓடும் செங்கல் வரியும்

இங்கிலாந்தின் கடலோர நகரான பிரைட்டனில் உள்ள ராயல் கிரசென்ட் என்ற வீட்டு வரிசையின் முகப்பில் செங்கல் போலத் தெரியும் கறுப்பு ஓடுகள், செங்கல் வரிக்குத் தப்பப் பதித்தவை என்று ஒரு கருத்து உண்டு. பரவலாகச் சொல்லப்படுவதுதான், ஆனால் சரியல்ல. 1784இல் வந்த அந்த வரி ஓடுகளுக்கும் உண்டு. ஓட்டு வரி நீங்கியது 1833இல். இந்த 14 வீடுகளோ 1799–1807இல் கட்டியவை. ஓடு வாங்கினாலும் வரிதான்!

உண்மையான பயன் வேறு. மரச்சட்டத்தில் வளைந்து துருத்தும் முகப்பு செங்கல் பாரம் தாங்காது. ரீப்பர் (மெல்லிய மரப்பட்டி) அடித்து, ஓடுகளை ஆணியில் மாட்டி, இடுக்கில் சுண்ணாம்புச் சாந்து பூசினால் போதும்; மேல்மெருகு கடலோர மழையைத் தடுக்கும்.

சரிபார்க்க, 1784 சட்டத்தின் முழுத் தலைப்பைப் பாருங்கள்: செங்கல், ஓடு இரண்டுமே அதில் இருக்கும். வீடுகளின் காலத்தை பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பாதுகாப்புப் பட்டியலில் இணையத்திலேயே பார்க்கலாம்.