செயற்கை நுண்ணறிவுக்கு டச் பார்ப்பது யார்?

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு எடுக்கும் வியாபாரி, விற்கிறவர் சொல்லும் டச்சை, அதாவது வெள்ளியின் சுத்தத்தை, அப்படியே நம்பிப் பணத்தை எண்ணி வைக்க மாட்டார். வேறு இடத்தில் கொடுத்து டச் பார்ப்பார், பட்டறைக்காரரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஏஐ என்றால் மட்டும் அதைச் செய்த கம்பெனியே ‘இது நம்பகமானது’ என்கிறது, நாமும் சரி என்று வாங்கிக்கொள்கிறோம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பார்க்க ஏஐ வாங்குகிறது என்று வையுங்கள். போன மாதம் சோதித்துச் சரி என்று சொன்ன அதே மாடல்தான் இன்றைக்கும் அந்த சர்வரில் ஓடுகிறதா? டாக்டருக்குத் தெரிய வழியில்லை. எல்லாம் ஒரே கையில் இருக்கும்வரை இப்படித்தான். அந்த ஒரு இடம் படுத்தால் எல்லாமே படுத்துவிடும் என்பது வேறு. 2025 அக்டோபர் 20 அன்று வர்ஜீனியாவில் அமேசான் கிளவுடில் கோளாறு வந்தபோது உலகம் முழுக்க எத்தனை ஆப்கள் நின்றுபோயின!

இதற்கு வழி பரவலாக்கம், அதாவது எல்லாவற்றையும் ஒரே கையில் விடாமல் பலர் கையில் பிரித்துக் கொடுப்பது. இணையத்தில் ஏற்கெனவே செய்தும் காட்டிவிட்டார்கள். ஒரு இணையதளம் போலி இல்லை, அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டுவது சான்றிதழ். 2011-ல் அதைக் கொடுக்கும் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் யாரோ புகுந்து கூகுள் பெயரில் போலிச் சான்றிதழ் தயாரிக்க, ஈரானில் ஜிமெயில் பார்த்தவர்கள் சிக்கினார்கள். அந்த நிறுவனம் அதே ஆண்டில் திவால். அப்புறம் வந்ததுதான் சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி. இணையதளங்களுக்குக் கொடுக்கும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் ஏறும், அவற்றை வெவ்வேறு நிறுவனங்கள் நடத்தும், ஏறியதைச் சத்தமில்லாமல் மாற்ற முடியாது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 2018-ல் குரோம் இதைக் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு ஏஐ மாடலின் ஹாஷும் (மாடல் மாறினால் தானும் மாறிவிடும் கைரேகை மாதிரியான ஒரு குறியீடு), அதை யார் எப்படிச் சோதித்தார்கள் என்பதும் இப்படி ஒரு பதிவேட்டில் ஏறட்டுமே, யார் தடுக்கிறார்கள்?

அடுத்தது தரவு. ஏற்காட்டில் நாகலூர், மாரமங்கலம் பக்கம் காபித் தோட்டக்காரர்கள் தண்டுத் துளைப்பான் விழுந்த செடிகளைப் போட்டோ எடுத்தால், அவை எல்லாம் எங்கோ ஒரு சர்வருக்குப் போயே ஆக வேண்டும் என்றில்லை. போனிலேயே மாடல் கற்றுக்கொள்ளும், கற்றதன் திருத்தம் மட்டும் வெளியே போகும். ஃபெடரேட்டட் லேர்னிங் என்பது இதுதான், கூகுள் 2017-ல் ஜிபோர்டு என்ற தன் கீபோர்டு ஆப்பில் சோதித்தது. சிக்னல் எடுக்காத மலையில் போனிலேயே ஓடும் மாடலுக்கு எவ்வளவு மதிப்பு என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

குறையும் உண்டு, மறைக்க மாட்டேன். அனுப்பும் திருத்தத்திலிருந்தே மூலத் தரவைக் கொஞ்சம் கண்டுபிடிக்க முடியும், ஒருவர் வேண்டுமென்றே கெட்ட திருத்தத்தை அனுப்பலாம். மாடலை ஓட்டுவதையும் பலருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். தமிழும் சேர்த்துப் பயிற்சி கொடுத்த புளூம் என்ற, 17,600 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் மாடல் கற்றுக்கொள்ளும் எண்கள்) கொண்ட மாடலை, பெட்டல்ஸ் திட்டம் தன்னார்வலர்களின் கணினிகளில் துண்டு துண்டாகப் பிரித்து ஓட்டிக் காட்டியது. அருமையான வேலை! ஆனால் நீங்கள் கேட்பதை நடுவில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவர் பார்த்துவிடக்கூடும், அதனால் நோயாளி விவரத்தை அதில் போடக் கூடாது.

அப்புறம் பிளாக்செயின், அதாவது பலரது கணினிகளில் நகல் இருக்கும், எழுதியதை அழிக்க முடியாத பதிவேடு. பரவலாக்கம் என்றதும் டோக்கன் என்ற டிஜிட்டல் காசை விற்க ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. தப்பாகப் பெயரிட்ட போட்டோவை பிளாக்செயினில் ஏற்றினால் அந்தத் தப்பு அழியாமல் இருக்கும், அவ்வளவுதான். போட்டோ சரியா என்று பார்க்கத் தோட்டம் தெரிந்த ஆள் வேண்டும்.

சேலத்தைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. பதிவேட்டின் ஒரு நகலை வைத்துக் கண்காணிக்கச் சாதாரண சர்வரே போதும், மாணவர்களுக்கும் நல்ல வேலை. அரசுப் பணத்தில் ஏஐ வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும் ‘வெளியாள் சோதிக்க அனுமதி உண்டு, வெர்ஷன் மாறினால் பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்’ என்று இரண்டு நிபந்தனை சேர்க்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும். மனு எழுத நான் தயார், கூட வருகிறவர்கள் சொல்லுங்கள்.