வராத டொர்னாடோவுக்கும் நாங்கள் எழுந்து உட்காருவோம்

நேற்று இரவு மறுபடியும் சைரன், டொர்னாடோ என்கிற சுழல்காற்று வரலாம் என்று. மணி ஒன்றே முக்கால். பிள்ளைகளை எழுப்பி, ஷூ மாட்டிவிட்டு, சைக்கிள் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்து, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன அறைக்குள் நால்வரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். முப்பத்தைந்து நிமிடம். காற்று அடித்தது, ஆலங்கட்டி கொஞ்ச நேரம் கூரையைத் தட்டியது, அப்புறம் எல்லாம் ஓய்ந்துவிட்டது. டொர்னாடோ வரவில்லை.

காலையில் எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "சும்மா சும்மா தூக்கத்தைக் கெடுக்கிறார்கள், இனிமேல் சைரன் அடித்தால் நான் எழுந்திருக்கப் போவதில்லை" என்று எழுதியிருந்தார். அதற்குப் பத்துப் பன்னிரண்டு கட்டைவிரல்கள். அங்கே பதில் எழுதினால் சண்டையாகிவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

டொர்னாடோ அடிக்கும் பகுதிக்குக் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் எத்தனை எச்சரிக்கை வந்தது என்று எண்ணி வைக்கவில்லை. முப்பது, நாற்பது இருக்கும். அதில் உண்மையிலேயே எங்கள் தெருவுக்கு வந்தது ஒன்றே ஒன்று.

அன்று சாயங்காலம். காலையிலிருந்தே புழுக்கம், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான்கு மணிக்கு மேல் வானம் கறுத்து மழை பிடித்தது. ஃபோன் அலறியது. நான் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு படிக்கு அடியில் போய்விட்டேன். என் கணவர் மட்டும் ஜன்னலருகே நின்று, "ஒண்ணும் தெரியலையே, வெறும் மழைதானே" என்றார். அவர் சொன்னது உண்மை. ஒன்றுமே தெரியவில்லை. வீடியோவில் பார்க்கிற மாதிரி வானத்திலிருந்து தும்பிக்கை இறங்கி வரும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறோம். பல நேரம் மழைத் திரைக்குள்ளேயே ஒளிந்துதான் வரும். நான் போட்ட கத்தலில்தான் அவர் உள்ளே வந்தார். அவர் வந்து கதவைச் சாத்தி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

முதலில் காது அடைத்தது, விமானம் இறங்கும்போது அடைக்குமே, அதைவிடப் பலமாக. அப்புறம் சத்தம். ரயில் மாதிரி என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அது ஒரு பெரிய அருவிக்கு அடியில் நிற்பது போல இருந்தது. காதில் கேட்டதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அதிகம் அதிர்ந்தது. அறைக் கதவு வெளிப்பக்கமாக இழுபட்டது. நானும் அவருமாகக் கைப்பிடியை நான்கு கைகளால் பிடித்துக்கொண்டோம். கதவுக்கு அடியிலிருந்த வெளிச்சக் கோடு அணைந்தது, அதே இடுக்கு வழியாகப் புழுதி புஸ்ஸென்று உள்ளே வந்தது. பெரியவள் சின்னவனின் ஹெல்மெட்டுக்கு மேல் தன் கைகளை வைத்து மூடிக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. மொத்தம் நாற்பது விநாடி இருக்கலாம்.

வெளியே வந்தபோது எங்கள் வீட்டுக்குப் பாதிக் கூரை இல்லை. கணவர் நின்றிருந்த ஜன்னலின் கண்ணாடி முழுக்க எதிர்ச் சுவரில் குத்தி நின்றது. மூன்று தெரு தள்ளி, வீடுகள் இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது. எங்கள் கார் கண்ணாடியில் கணக்கு நோட்டுத் தாள் ஒன்று ஈரமாக ஒட்டியிருந்தது. ஏழாம் வாய்ப்பாடு, யாரோ ஒரு குழந்தையின் குண்டு குண்டான எழுத்து. எந்த ஊரிலிருந்து பறந்து வந்ததோ. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் இருந்த பெரியவரை நாங்கள் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அன்று நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. உத்தரம் விழுந்து தோளும் இடுப்பும் முறிந்தன. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து, "போன மாசம் மூணு தடவை போய் உட்கார்ந்தேன்மா, ஒண்ணும் வரலையே" என்றார். பிழைத்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் தனியாக நடக்கவே இல்லை.

காலையில் அந்த வாட்ஸ்அப் செய்தியைப் படித்ததும் எனக்கு இந்தக் குரல்தான் கேட்டது.

எச்சரிக்கை ஏன் இத்தனை முறை தப்புகிறது? ரேடார் பார்ப்பது மேகத்துக்குள் நடக்கும் சுழற்சியை. பூமி வளைந்திருப்பதால், தூரம் போகப் போக ரேடாரின் கதிர் தரைக்கு மேலே மேலே போய்விடும். கீழே, வீட்டுக்கூரை உயரத்தில் நடப்பது அதன் கண்ணுக்குப் படாது. மேகம் சுழன்றாலும் பெரும்பாலும் டொர்னாடோ தரை தொடாது. எது தொடும், எது தொடாது என்று இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவில் விடப்படும் டொர்னாடோ எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் இப்படி வராமலே போகிறவைதான். கண்ணால் பார்த்த பிறகுதான் சைரன் அடிப்போம் என்று எச்சரிக்கை விடுகிறவர்கள் காத்திருந்தால், இரவில் வருவதை யார் பார்ப்பது?

முன்பு எச்சரிக்கை என்பதே கிடையாது. 1925 மார்ச் 18 அன்று மிசூரி, இல்லினாய், இந்தியானா மூன்று மாநிலங்களிலும் மூன்றரை மணி நேரம், சுமார் 350 கிலோமீட்டர் ஓடிய ஒரே டொர்னாடோவில் 695 பேர் செத்தார்கள். அப்போது வானிலை அறிவிப்பில் டொர்னாடோ என்ற சொல்லையே தவிர்த்து வந்தார்கள், மக்கள் பீதியடைவார்கள் என்று. 1948 மார்ச் 25 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில் ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு அதிகாரிகள் துணிந்து ஒரு முன்னறிவிப்பு கொடுத்தார்கள். ஐந்து நாள் முன்புதான் அதே தளம் அடிபட்டிருந்தது. சொன்னபடியே அன்று மாலை மறுபடி அடித்தது. விமானங்களையும் ஆட்களையும் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருந்தார்கள். நமக்கு இன்று வரும் எச்சரிக்கைக்குத் தொடக்கம் அதுதான். இதைப் படித்த நாளிலிருந்து சைரன் சத்தத்தின் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை.

எச்சரிக்கை இருந்தும் என்ன ஆகும் என்பதற்கு மிசூரியின் ஜாப்லின் நகரம் இருக்கிறது. 2011 மே 22. முதல் சைரன் அடித்ததற்கும் டொர்னாடோ ஊருக்குள் வந்ததற்கும் நடுவில் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது. ஆனால் பெரும்பாலானோர் உடனே ஒதுங்கவில்லை என்று பிறகு நடந்த ஆய்வு சொன்னது. இன்னொரு அடையாளத்துக்காகக் காத்திருந்தார்கள். டிவியைப் பார்த்தார்கள், வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள், இரண்டாவது சைரன் வரட்டும் என்றிருந்தார்கள். 158 பேர் இறந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. என் கணவர் ஜன்னலருகே நின்றதும் அதே காரணத்துக்குத்தான். சொன்னதை நம்பும் முன் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடத் தோன்றுவது மனித சுபாவம். ஆனால் டொர்னாடோ விஷயத்தில் அந்த ஒரு தடவைக்கு நேரம் இருப்பதில்லை.

எனக்கு உண்மையான கோபம் வேறு இடத்தில். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு நாள் எச்சரிக்கை வந்தபோது, "கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுப் போங்கள்" என்றார்கள். நாங்களும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தோம். அன்று எதுவும் வரவில்லை, அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிர் பிழைக்க அனுமதி கேட்டு நிற்கக் கூடாது. அடுத்த மாதமே அந்த வேலையை விட்டேன்.

காரில் ஏறித் தப்பித்துவிடலாம் என்பவர்களுக்கும் ஒன்று. 2013 மே 31, ஓக்லஹோமாவின் எல் ரீனோ. அன்று அடித்த டொர்னாடோவின் அகலம் மட்டும் 4 கிலோமீட்டருக்கு மேல். வாழ்நாள் முழுக்க டொர்னாடோவை ஆராய்ந்த டிம் சமாரஸ், அவர் மகன், கூட இருந்த நண்பர் மூவரும் காரில் போகும்போதே அதில் சிக்கி இறந்தார்கள். அவருக்கே அதன் போக்குப் பிடிபடவில்லை என்றால் நாம் எம்மாத்திரம்? பாலத்துக்கு அடியில் ஒதுங்குவதும் ஆபத்து, அந்த இடுக்கில் காற்று இன்னும் வேகம் பிடிக்கும்.

இன்னொன்று, சைரன் என்பது வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவரை எழுப்ப அது போதாது. ராத்திரியில் ஃபோனை சைலண்டில் போடாதீர்கள். 'வாட்ச்' என்றால் வர வாய்ப்பிருக்கிறது, 'வார்னிங்' என்றால் உடனே ஒதுங்கு என்று அர்த்தம். கீழ்த்தளம், இல்லையென்றால் ஜன்னல் இல்லாத உள் அறை. ஷூவை மறக்கவே மறக்காதீர்கள். அன்று கணவர் செருப்போடு தாத்தா வீட்டுக்கு ஓடினார். பலகையிலிருந்த ஆணி செருப்பைத் துளைத்துக் காலுக்குள் இறங்கியது.

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது சின்னவன் கேட்டான்: "அம்மா, நேத்து வந்துச்சா?"

"வரலைடா."

"அப்போ ஹெல்மெட்டை எடுத்து சைக்கிள்ல மாட்டிடவா?"

"வேணாம். சைக்கிளுக்கு வேற வாங்கிக்கலாம். அது அங்கேயே இருக்கட்டும்."